முப்பது முட்டைகளும் ஓர் அமானிதமும்



மளிகைக் கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை எத்தனை நாள் அடை வைத்தாலும் குஞ்சு வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குஞ்சு பொரிக்கும் பெட்டியை ஆசையோடு வாங்கி வந்து, கடை முட்டைகளை வரிசையாய் அடுக்கி, 21 நாள் காத்திருந்து ஏமாந்த இல்லங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. கூண்டுப் பண்ணைகளில் முட்டையிடும் கோழிகள் சேவலின் முகத்தையே பார்த்ததில்லை. அவற்றின் முட்டையில் கருவில்லை. சேவலோடு திரியும் நாட்டுக்கோழியின் முட்டைதான் அடைக்கு ஆகும்.

கருவுள்ள முட்டை நம் கைக்கு வரும்போது அதனுள் வளர்ச்சி ஏற்கெனவே தொடங்கியிருக்கிறது. கோழியின் வயிற்றில் இருந்த நேரத்திலேயே கரு ஆயிரக்கணக்கான அணுக்களாகப் பெருகி, வெளியே வந்து சூடு ஆறியதும் அப்படியே உறங்கிவிடுகிறது. மறுபடியும் தக்க வெப்பம் கிடைக்கும்வரை அது காத்திருக்கும். உயிரற்றதிலிருந்து உயிருள்ளதை வெளியாக்குவதாக வல்ல நாயன் தன் திருமறையில் (3:27) கூறுவதற்கு, விரிவுரையாளர்கள் முட்டையையும் கோழியையும் உதாரணமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அந்த உறக்கம் நெடுநாள் தாங்காது. ஒரு வாரத்துக்கு மேற்பட்டால் முட்டை பொரிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். நம் ஊர்க் கோடையிலோ அறையின் சூடே கருவை அரைகுறையாக எழுப்பிக் கொன்றுவிடும். ஆகவே நான்கைந்து நாட்களுக்குள் சேர்த்த முட்டைகளை, ஈரமணல் பரப்பிய மண்சட்டியில் கூர்முனை கீழே இருக்குமாறு நிழலில் வைத்திருப்பது நல்லது. அழுக்காயிருக்கிறதே என்று கழுவிவிடாதீர்கள். ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே போகும். அழுக்கு மிகுந்த முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் உம்மம்மா காலத்தில் இதற்கெல்லாம் பெட்டி ஏது? பழைய கூடையில் வைக்கோலோ தவிடோ பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைத்து, ஓர் இரும்புத் துண்டையும் கரித்துண்டையும் ஓரத்தில் செருகி, அடைக்கோழியைத் தூக்கி உட்கார வைத்துவிடுவார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், இரும்பிருந்தால் கெடாது என்பது அவர்கள் நம்பிக்கை. இரும்பு இடியைத் தடுத்ததோ இல்லையோ, கோழி தன் வேலையைச் சரியாகச் செய்தது. நாளுக்குப் பலமுறை அலகால் முட்டைகளைப் புரட்டும்; ஓரத்து முட்டையை நடுவுக்குத் தள்ளும்; ஒருமுறை இறங்கி இரை தின்று, கழித்துவிட்டு, முட்டை ஆறுவதற்குள் திரும்பிவிடும். பெட்டி என்பது இந்தக் கோழியைப் பார்த்து மனிதன் எழுதிய நகல். சூடு, ஈரம், காற்று, புரட்டல் ஆகிய நான்கையும் கொடுத்தால் போதும்.

இன்று நம் பக்கத்தில் அதிகம் புழங்குவது தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஒரு குண்டு பல்பு, சிறு விசிறி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், தண்ணீர்க் கிண்ணம், பக்கவாட்டில் காற்றுத் துளைகள். எல்.இ.டி. பல்பு போட்டால் வெளிச்சம் வருமே தவிர சூடு வராது. விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 38.5 டிகிரி அளவில் இருக்கலாம். ஈரப்பதம் முதல் 18 நாட்களுக்கு 50 முதல் 55 விழுக்காடு. பெட்டியோடு வரும் அளவுகருவியை அப்படியே நம்பாமல், நல்ல தெர்மாமீட்டர் ஒன்றையும் உள்ளே வைத்துச் சரிபாருங்கள். முட்டை வைப்பதற்கு முன்பே ஒருநாள் முழுவதும் பெட்டியை வெறுமனே ஓடவிட்டுப் பாருங்கள். சூடு குறைவதைக் காட்டிலும் கூடுவதுதான் ஆபத்து. சற்று நேரம் ஆறிய முட்டை பிழைத்துக்கொள்ளும். 40 டிகிரிக்கு மேல் நின்ற முட்டை பிழைப்பது கடினம்.

தெர்மாமீட்டர் என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் தொழிலில் பழுத்தவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. மிஸ்ரு நாட்டில், அதாவது எகிப்தில், முட்டைகளைச் செயற்கைச் சூட்டில் பொரிப்பதை கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் குறிப்பிட்டிருக்கிறார். கி.பி. 1200ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே தங்கியிருந்த பக்தாத் நகரத்து மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி (1162–1231), தாம் எழுதிய எகிப்து நூலில் இந்தப் பொரிப்பகங்களை விரிவாகவே வர்ணித்துள்ளார். அந்நாட்டில் கோழி தானே அடைகாத்துப் பொரிப்பது அபூர்வம் என்றும், இது பலருக்குப் பிழைப்பாயிருந்த தனித் தொழில் என்றும் அவர் எழுதுகிறார். மண்செங்கலால் கட்டிய அடுப்புகள் அவை. நடுவில் நடைபாதை, இருபுறமும் ஈரடுக்கு அறைகள், எரிக்கச் சாணமும் வைக்கோலும். சூடு சரிதானா என்று பார்க்க, தொழிலாளி முட்டையை எடுத்துத் தன் கண்ணிமையின் மேல் வைத்துப் பார்ப்பார். அவ்வளவுதான் கருவி! பின்னாளில் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1749இல் வெளியிட்ட நூலில், நைல் படுகையிலுள்ள பெர்மா என்ற ஊர்க்காரர்கள் இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்ததை எழுதினார். கொடுத்த முட்டைகளில் மூன்றில் இரண்டு பங்கைக் குஞ்சாகத் திருப்பித் தருவதுதான் அங்கே ஒப்பந்தம். பரம்பரை வல்லுநர்களே மூன்றில் இரண்டு பங்குதான் வாக்களித்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி என் தங்கை வீட்டுப் பெட்டிக்கு வருகிறேன்.

என் தங்கையின் கணவர் கோழி வளர்ப்பில் பெரும் பிரியமுள்ளவர். ஒரு நாள் 30 முட்டைகளை அடுக்கினார். ஒவ்வொன்றிலும் ஒருபுறம் வட்டமும் மறுபுறம் பெருக்கல் குறியும் பென்சிலால் போட்டு, அடியில் தேதியும் எழுதியிருந்தார். கையால் புரட்டும் பெட்டிகளில் இப்படிக் குறிபோட்டால்தான் எது புரண்டது, எது புரளவில்லை என்று தெரியும். நாளொன்றுக்கு ஒற்றைப்படையாக மூன்று அல்லது ஐந்து முறை புரட்ட வேண்டும். அப்போதுதான் நீண்ட இரவில் தொடர்ந்து ஒரே பக்கம் கீழே கிடக்காமல் மாறி மாறி வரும். அவர்கள் வீட்டில் பஜ்ருக்குப் பின் ஒருமுறை, அஸருக்குப் பின் ஒருமுறை, இஷாவுக்குப் பின் ஒருமுறை.

ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்கள். கரு வளரும் முட்டையில் சிலந்திபோல் நடுவில் ஒரு புள்ளியும், அதிலிருந்து பிரியும் செந்நிற நரம்புகளும் தெரியும். ஒன்றுமே தெரியாமல் தெளிவாயிருப்பது கூமுட்டை. நரம்புகள் சுருங்கி ஒரு சிவப்பு வளையமாக நின்றால் கரு இறந்துவிட்டது என்று பொருள். அன்று ஐந்தை எடுத்துவிட்டார்கள். எஞ்சியவை 25.

பதினோராம் நாள் காலை அவருக்கு மாரடைப்பு. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நாற்பத்து நான்கு வயது.

மையித்து வீட்டில் நிலைமை எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். யாசீன் ஓத அமர்ந்த பெண்களுக்குப் புழுக்கமாயிருக்கிறதே என்று யாரோ மேஜை விசிறிக்காகப் பின்னறைச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். அது பெட்டியின் பிளக். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவள் மூத்த மகன்தான், வாப்பாவை அடக்கிவிட்டு வந்து அஸருக்குப் பின் முட்டை புரட்டப் போனபோது அதைக் கண்டான். அளவுகருவியில் 31 டிகிரி. பிடுங்கி மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

“இனி இது எதற்கு? எடுத்து வெளியே போட்டுவிடுங்கள்” என்றார் உறவில் மூத்த ஒருவர். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். துக்க வீட்டில் பல்பும் விசிறியும் ஓசையுமாக ஒரு பெட்டி எதற்கு? நானும் தங்கையைப் பார்த்தேன். அவள் தலை நிமிராமலே, “அணைக்க வேண்டாம் லாத்தா. அவுங்க வச்சது” என்றாள். பையன் பிளக்கைச் செருகினான்.

மூன்று மணி நேரம் ஆறிய முட்டைகள் பிழைக்குமா என்று அன்று எங்களில் எவருக்கும் உறுதியில்லை. இன்று நான் அறிந்ததைச் சொல்கிறேன். முதல் வாரத்தில் கரு தன் சூட்டுக்கு முழுக்க வெளியையே நம்பியிருக்கிறது. வளர வளர அது தானே சூட்டை உண்டாக்குகிறது. எகிப்து அடுப்புகளில் பாதி நாட்கள் கடந்ததும் நெருப்பையே அவித்துவிடுவார்களாம். நெருக்கமாய்க் கிடக்கும் ஆயிரக்கணக்கான முட்டைகளின் சொந்தச் சூடு போதும். ஆகவே மின்சாரம் நின்றால் பதறி மூடியைத் திறக்காதீர்கள். பெட்டியின்மேல் கம்பளியைப் போர்த்துங்கள். காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். நெடுநேரம் ஆகுமென்றால் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களை உள்ளே ஓரமாக வைக்கலாம். பொரிப்பது அரைநாள், ஒருநாள் தள்ளிப் போகலாம், சில கரு தவறலாம், அனைத்தும் போய்விடாது.

அடக்கம் முடிந்த மறுநாள் வேறொன்று தெரிய வந்தது. அவருடைய கணக்கு நோட்டில், பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் 20 குஞ்சுகளுக்காக 1,000 ரூபாய் முன்பணம் வாங்கியதாக எழுதியிருந்தது. சிறிய தொகைதான். ஆனால் மையித்தின் கடன், சொத்துப் பங்கிடுவதற்கு முன்னால் தீர்க்கப்பட வேண்டியது. அது 1,000 ஆனாலென்ன, லட்சமானாலென்ன? பெட்டிக்குள் 25 முட்டைகள் இருக்கின்றன; 20 பொரித்தால் கொடுத்துவிடலாம் என்று ஆண்களில் சிலர் கணக்குப் போட்டார்கள். தங்கை மஹல்லா ஹஜ்ரத்திடம் கேட்டுவரச் சொன்னாள். பிறவாத ஒட்டகக் குட்டியின் பேரில் அறியாமைக் காலத்தில் நடந்த வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ள செய்தி. முட்டைக்குள் இருக்கும் குஞ்சும் அப்படித்தான், இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாதது; முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவதே பேணுதல் என்றார் ஹஜ்ரத்.

என் தம்பி பணத்தைக் கொண்டுபோனான். அந்த மனிதர் வாங்க மறுத்தார். “குஞ்சு பொரிக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். துக்கத்தில் இருக்கும் வீட்டில் நான் கை நீட்டுவதா?” என்றாராம். நல்ல உள்ளம். ஆனாலும் தங்கை விடவில்லை. தம்பியை மறுபடியும் அனுப்பினாள். இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். குஞ்சுக்கு முன்பணம் வாங்கும் பழக்கமுள்ள சகோதரிகள், தங்கள் ஊர் ஆலிம்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவும் நடக்கையில் பையன் மூன்று வேளையும் புரட்டிக்கொண்டிருந்தான். வாப்பாவின் கையெழுத்தில் ஒரு வேளை வட்டம் மேலே, ஒரு வேளை பெருக்கல் குறி மேலே. இத்தாவில் அமர்ந்துவிட்ட என் தங்கைக்கு நாள் நகர்ந்தது அந்தப் பெட்டியால்தான் என்று இன்றும் நான் எண்ணுகிறேன்.

பதினெட்டாம் நாள் முதல் முட்டையைத் தொடக்கூடாது. புரட்டல் நிற்க வேண்டும். தண்ணீர் கூடுதலாக ஊற்றி ஈரப்பதத்தை 65 முதல் 70 வரை உயர்த்த வேண்டும். மூடியைத் திறக்கவே கூடாது. இந்த மூன்று நாள்தான் வீட்டிலுள்ளோர் எல்லோருக்கும் சோதனை. குஞ்சு முதலில் முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையை அலகால் குத்தித் தன் முதல் மூச்சை எடுக்கிறது. அப்போது ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சென்று குரல் கேட்கும். பிறகு அலகின் நுனியிலுள்ள சிறு முள்ளால் ஓட்டைக் கீறுகிறது. ஒரு சிறு விரிசல் விழும். அப்புறம் ஒன்றுமே நடக்காது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில நேரங்களில் ஒருநாள் முழுவதும். பார்ப்பவர்களுக்கு மனம் பதைக்கும். ஓட்டை உரித்து உதவினால் என்ன என்று தோன்றும்.

தயவுசெய்து உதவாதீர்கள். அது சும்மா இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறதே தவிர, உள்ளே பெரும் வேலை நடக்கிறது. சவ்வில் ஓடும் இரத்தம் குஞ்சின் உடலுக்குள் திரும்ப வேண்டும். மிச்சமிருக்கும் மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்பட வேண்டும். அதற்கு முன் ஓட்டைப் பிய்த்தால் இரத்தம் ஒழுகி உங்கள் கையிலேயே உயிர் போய்விடும். மூடியைத் திறந்தாலோ ஈரம் வெளியேறி, சவ்வு காய்ந்து, மற்றக் குஞ்சுகளின்மேல் காகிதம்போல் ஒட்டிக்கொள்ளும். பொரித்து வெளிவந்த குஞ்சுகள் உள்ளேயே பசியால் வாடுகின்றனவே என்றும் வருந்த வேண்டாம். உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அவற்றுக்கு இரண்டு நாள் உணவு. நன்றாக உடல் காய்ந்து பஞ்சுபோல் ஆன பிறகு எடுத்தால் போதும்.

தங்கை வீட்டில் 21ஆம் நாள் ஒரு கீறலும் விழவில்லை. அன்றிரவு பையன் பெட்டியருகே பாய் விரித்துப் படுத்தான். “மூடியைத் திறந்து பார்க்கவா உம்மா?” என்று மூன்று முறை கேட்டானாம். மூன்று முறையும் வேண்டாம் என்றாள். மறுநாள் பஜ்ரு தொழுகைக்கு எழுந்தபோது குரல் கேட்டது. அன்று மாலைக்குள் 17 குஞ்சுகள். எட்டு முட்டைகள் திறக்கவேயில்லை. வைத்தது 30, பொரித்தது 17. பெர்மா ஊர்க்காரர்கள் கணக்குக்கு மூன்று குறைவு. பிளக் பிடுங்கப்பட்ட மூன்று மணி நேரத்தை எண்ணினால், அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொல்ல வேண்டும்.

முன்பணத்தைத் திருப்பிப் பெற்றவர் செய்தி கேட்டு வந்து, வாசலில் நின்றபடியே தம்பியிடம் விலை பேசி எட்டுக் குஞ்சுகளை வாங்கிச் சென்றார்.

பொரித்ததோடு கடமை முடிந்துவிடுவதில்லை. உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். பல்பின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாய் நெருக்கியடித்தால் குளிர். ஓரங்களுக்கு ஓடி இறக்கையை விரித்தால் சூடு அதிகம். கருவியைவிடக் குஞ்சுகளே இதை நன்றாகச் சொல்லும். தட்டில் தண்ணீர் வைத்தால் கூழாங்கற்களைப் போடுங்கள். இல்லையேல் விழுந்து மூழ்கிவிடும். வழுக்கும் செய்தித்தாளில் விட்டால் கால் அகன்று ஊனமாகிவிடும். உமியோ சாக்கோ பரப்புங்கள். பதினேழில் ஒன்றுக்கு அப்படிப் பிறவியிலேயே கால் அகன்றிருந்தது. பையன் இரண்டு கால்களையும் ஒட்டுப்போடும் பிளாஸ்டரால் அளவாக இணைத்துக் கட்டினான். நான்கு நாளில் நேராக நடந்தது. முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். இந்நோய் புகுந்தால் ஒரு தெருவே காலியாகும்.

பாதிக்குப் பாதி சேவலாக வரும் என்பதையும் முட்டை அடுக்கும் முன்பே எண்ண வேண்டும். முட்டைத் தொழிலில் சேவல் குஞ்சுகளுக்கு உபயோகமில்லை என்று பிறந்த நாளிலேயே கொன்றுவிடும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. ஜெர்மனி 2022 தொடக்கத்தில் இதைச் சட்டத்தால் தடுத்தது. நம் வீடுகளில் சேவலை வளர்த்து, ஹலாலாக அறுத்து உண்ணலாம், விற்கலாம். ஆனால் நான்கு மாதம் தீனி போட இடமும் பொருளும் இருக்கிறதா? இல்லையென்றால் 30 அடுக்க வேண்டாம், பத்து அடுக்குங்கள். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியில் சாகவிட்ட பெண்ணின் கதி என்னவாயிற்று என்ற ஹதீஸை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம் அல்லவா?

என் தங்கை இன்று இரண்டு பெட்டிகள் வைத்திருக்கிறாள். ஊரார் கொண்டுவரும் முட்டைகளை வாங்கி வைத்து, முட்டைக்கு இவ்வளவு என்று அடைகாக்கும் கூலி மட்டும் பெறுகிறாள். மூன்றில் ஒரு பங்கு வராமலும் போகலாம் என்பதை வாங்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். அதன்மேல் எவரும் சண்டைக்கு வந்ததில்லை.

எஞ்சிய ஒன்பது குஞ்சுகளின் கதையைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் வளர்த்த கோழிகளில் ஒரு கறுப்புப் பெட்டை அப்போது வெறுங்கூடையிலேயே அடை படுத்துக் கிடந்தது. அடியில் முட்டையே இல்லை. ஆனாலும் எழுந்திருக்க மறுத்தது. குருவிக் குஞ்சுகளை எடுத்து வந்த தோழர்களிடம், தாய்ப்பறவையைத் தவிக்க விட்டவர் யார் என்று கேட்டு, அவற்றைத் திருப்பி வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. பல்புக்கடியில் கத்திக்கொண்டிருந்த அந்தக் குஞ்சுகளுக்கும் ஒரு தாயைத் தேடித் தரலாமே என்றாள் தங்கை. அடைக்கோழி பகலில் கண்டால் அந்நியக் குஞ்சைக் கொத்தி விரட்டலாம்; இருட்டில் அதற்குக் கண் தெரியாது. எனவே இஷா முடிந்து, விளக்கை அணைத்துவிட்டு, பையன் ஒவ்வொன்றாக எடுத்து அதன் இறகுக்கடியில் தள்ளினான். கால் கட்டியிருந்த குஞ்சைக் கடைசியாக வைத்தான். கோழி ஒருமுறை அசைந்து கொடுத்து, மெல்லிய குரலில் கொக்கரித்தது, பிறகு அடங்கிவிட்டது.

விடிந்ததும் போய்ப் பார்த்தான். இறகின் இடுக்குகளில் சிறு தலைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்பதா என்று எண்ணக் கையை நீட்டியவனைக் கோழி ஒரே கொத்தாகக் கொத்திவிட்டது.